அடுக்களையும் அல்காரிதமும்

முன்னுரை

கணிப்பொறி இல்லாத பள்ளியில் கணிப்பொறிக் கல்வியைத் தொடங்க முடியுமா? முடியாது என்பதே பெரும்பாலோர் கூறும் விடை. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் புறப்படும்வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஏழு நாள் முகாமில் பகலெல்லாம் சாலை செப்பனிட்டோம். மாலையில் அவ்வூர்த் தொடக்கப் பள்ளியின் தாழ்வாரத்தில் மூன்றாம், நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தோம். கணிதப் பிரிவு மாணவர்களாகிய எங்களுக்கு ஒதுக்கப்பட்ட தலைப்பு 'அல்காரிதம்'. எங்களிடம் இருந்தவை ஒரு கரும்பலகை, ஒரு குடம் தண்ணீர், சில எலுமிச்சம்பழங்கள், ஒரு டப்பா சர்க்கரை, அவ்வளவே. முகாம் முடிந்து திரும்பியபோது என் எண்ணம் மாறியிருந்தது.

அன்றாடச் சமையலைக் கொண்டு இளஞ்சிறார்க்கு அல்காரிதத்தை எவ்வாறு கற்பிக்கலாம், அவ்வாறு கற்பிக்கையில் நாம் எங்கே தவறுகிறோம் என்பவற்றை அந்த அனுபவத்தின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி. இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையைப் பற்றி அவர் அரபு மொழியில் ஒரு நூல் எழுதினார். பிற்காலத்தில் அந்நூல் இலத்தீன் மொழிக்குச் சென்றபோது, அவருடைய பெயர் 'அல்காரித்மி' எனத் திரிந்தது. ஆளின் பெயர் நாளடைவில் அவர் சொன்ன முறையின் பெயராயிற்று. ஆகவே, இச்சொல்லின் பிறப்பில் நம் நாட்டு எண்களுக்கும் ஒரு பங்குண்டு. தொடக்கப் பள்ளியில் நாம் போட்ட வகுத்தல் கணக்கும் ஓர் அல்காரிதமே. கணிப்பொறி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அல்காரிதம் தோன்றிவிட்டது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

தமிழில் இதனை நெறிமுறை என்றும் படிமுறை என்றும் வழங்குவர். இக்கட்டுரையில் படிமுறை என்ற சொல்லையே கையாள்கிறேன். 'படி' என்பது ஏறிச் செல்லும் படியையும் குறிக்கும். அரிசி அளக்கும் படியையும் குறிக்கும். முன்னது வரிசையை உணர்த்துகிறது; பின்னது அளவை உணர்த்துகிறது. வரிசை, அளவு ஆகிய இவ்விரண்டும் பிசகாமல் இருப்பதன்றோ படிமுறையின் உயிர்!

ஐந்து பண்புகள்

அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் டொனால்டு நூத், கணிப்பொறி நிரலாக்கக் கலையைப் பற்றிய தம் பெருநூலின் முதல் தொகுதியை 1968-இல் வெளியிட்டார். அதில் ஒரு படிமுறைக்கு இருக்க வேண்டிய ஐந்து பண்புகளை அவர் வகுத்துக் கூறுகிறார். அவை வருமாறு:

1. முடிவுடைமை: எண்ணி முடிக்கக்கூடிய படிகளுக்குப் பின் அது நின்றுவிட வேண்டும்.
2. ஐயமின்மை: ஒவ்வொரு படியும் ஒரே பொருளைத் தருமாறு துல்லியமாக இருத்தல் வேண்டும்.
3. உள்ளீடு: தொடங்கும்போது கொடுக்கப்படும் பொருள் அல்லது விவரம். உள்ளீடே இல்லாத படிமுறையும் உண்டு.
4. வெளியீடு: முடிவில் கிடைக்கும் பயன்.
5. செயற்பாட்டுத்தன்மை: ஒவ்வொரு படியும் உண்மையில் செய்து முடிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும்.

இதே இடத்தில் நூத் படிமுறையைச் சமையல் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். சமையல் குறிப்புக்கு முடிவு உண்டு, உள்ளீடு உண்டு, வெளியீடும் உண்டு. ஆனால் ஐயமின்மை இல்லை என்பது அவர் கருத்து. சிறிதளவு உப்பு என்றால் எவ்வளவு? அதை எங்கே, எப்போது போடுவது? நம் சமையற் புத்தகங்களைப் புரட்டினால் 'உப்பு தேவையான அளவு' என்ற தொடர் காணாத பக்கமே இராது. யாருக்குத் தேவையான அளவு? அதைப் புத்தகம் சொல்வதில்லை.

சமையலைக் கொண்டு படிமுறை கற்பிக்க முயல்வோர் பலரும் இவ்விடத்தைக் கவனியாமல் கடந்து விடுகின்றனர். "சமையல் குறிப்பு போன்றதே அல்காரிதம்" என்று ஒரு வரியில் சொல்லி முடித்து விடுகின்றனர். என் கருத்து வேறு. சமையல் குறிப்பு படிமுறையை ஒத்திருக்கும் இடத்தைவிட, ஒவ்வாத இடத்திலேதான் உண்மையான பாடம் இருக்கிறது. சொல்லாமல் விட்டது எது என்பதைக் குழந்தை தானே கண்டுபிடிக்கும் நொடியே அது படிமுறையைக் கற்றுக்கொள்ளும் நொடி.

முதல் நாள்

முதல் நாள் நாங்கள் கற்பித்த முறை முற்றிலும் தோல்வி கண்டது. கரும்பலகையில் வரையறையை எழுதினோம். கட்டங்களும் அம்புக்குறிகளும் கொண்ட பாய்வுப்படம் ஒன்றை வரைந்தோம். குழந்தைகள் அதை அழகாகப் பார்த்து எழுதிக்கொண்டனர். "புரிந்ததா?" என்று கேட்டோம். "புரிஞ்சுதுண்ணா" என்று ஒரே குரலில் விடை வந்தது. அந்த ஒரே குரலே எங்களுக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். தாளைத் திருப்பி வைத்துவிட்டுச் சொல்லச் சொன்னபோது, சொல்வதற்கு எவரும் இல்லை.

அன்றிரவு முகாமில் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் பேராசிரியர், "நீங்கள் படிமுறையைக் கற்பிக்கவில்லை, படிமுறையின் படத்தைத்தான் கற்பித்தீர்கள்" என்றார். மறுநாள் எலுமிச்சம்பழம் வாங்கினோம்.

எலுமிச்சைச் சாறு

இளஞ்சிறார்க்கு ஏற்ற முதற் பாடம் எலுமிச்சைச் சாறு. அதற்கு நெருப்பு வேண்டாம். கத்தியைப் பெரியவர் ஒருவர் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். முடிந்தபின் குடிக்கவும் செய்யலாம்.

எங்களுள் ஒருவன் இயந்திரமாக நின்றான். "இந்த அண்ணனுக்குச் சொந்த மூளை கிடையாது. நீங்கள் சொல்வதை மட்டும், சொன்னபடியே செய்வான்" என்று குழந்தைகளிடம் கூறினோம்.

"பழத்தைப் பிழி" என்றான் ஒரு சிறுவன். இயந்திரம் முழுப் பழத்தையும் கையில் வைத்து நெரித்தது. ஒரு சொட்டும் வரவில்லை. ஒரே சிரிப்பு. "நறுக்கிட்டுப் பிழி" என்றான் மற்றொருவன். இயந்திரம் பழத்தை நறுக்கிக்கொண்டே இருந்தது. "போதும், போதும்! ரெண்டா நறுக்கு" என்று கத்தினர். பின்னர்ப் "பிழி" என்றனர். சாறு தரையில் விழுந்தது. "சர்க்கரை போடு" என்றனர்; இயந்திரம் டப்பாவையே கவிழ்க்கப் போனது. நாங்கள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டோம்.

அதுவரை வாய் திறவாமல் தூணருகே உட்கார்ந்திருந்த நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். முதல் நாள் கரும்பலகையைப் பார்த்து எழுதவே திணறியவள் அவள். "முதல்ல தம்ளரைக் கீழ வைக்கணும்ணா. அப்புறந்தான் பழம்" என்றாள். பிறகு நிறுத்தாமல் சொன்னாள்: "பழத்த ரெண்டா வெட்டு. கொட்டய எடு, இல்லாட்டி கசக்கும். ஒரு பாதிய தம்ளருக்கு நேரா வச்சுப் பிழி. சாறு நிக்கிற வரைக்கும் பிழி. ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. தம்ளர்ல முக்கால்வாசி தண்ணி. சர்க்கரை கரையிற வரைக்கும் கலக்கு."

ஒரு படியும் பிசகவில்லை. தொடங்கும் நிலை என்ன என்பதை அவள் முதலில் வரையறுத்தாள். அளவைச் சொன்னாள். எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் சொன்னாள். விசாரித்தபோது, தாயார் விடியற்காலையில் களை எடுக்கப் போய்விடுவதால் வீட்டில் சோறு வடித்துவிட்டே அவள் பள்ளிக்கு வருகிறாள் எனத் தெரிந்தது. எழுத்தில் பின்தங்கியவள் என்று நாங்கள் ஒதுக்கிய குழந்தையின் உள்ளத்தில் முழுமையான ஒரு படிமுறை இருந்தது. அதை வெளிப்படுத்தும் கேள்வியைத்தான் முதல் நாள் நாங்கள் கேட்கவில்லை.

வரிசையின் இன்றியமையாமை

அடுத்த பாடம் வரிசை பற்றியது. எல்லா இடத்திலும் வரிசை முக்கியமா? எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரையை முன்னே போட்டாலும் தண்ணீரை முன்னே ஊற்றினாலும் முடிவு ஒன்றே. ஆனால் சாம்பாரில் அப்படியன்று. காய் வெந்த பின்னரே புளி கரைத்து ஊற்ற வேண்டும். முன்னரே ஊற்றிவிட்டால் காய் எளிதில் வேகாது. காயின் திசுக்களைப் பிணைத்து நிற்கும் பெக்டின் என்னும் பொருள் கரைந்தால்தான் காய் மெத்தென்று ஆகும். புளிப்பு அவ்வாறு கரைவதைத் தாமதப்படுத்துகிறது. நம் பாட்டிமார் பெக்டின் என்ற பெயரை அறியார்; வரிசையை அறிவர்.

தாளிப்பும் இத்தகையதே. எண்ணெய் காய்ந்த பின் கடுகு. கடுகு வெடித்த பின் உளுத்தம்பருப்பு. பருப்பு சிவந்த பின் கறிவேப்பிலை. எந்த இரண்டு படிகளை இடம் மாற்றலாம், எந்த இரண்டை மாற்றக்கூடாது என்று குழந்தைகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு படியையும் ஒவ்வோர் அட்டையில் எழுதி, கலைத்துப் போட்டு அடுக்கச் செய்யலாம். காரணம் சொல்லி அடுக்கும் குழந்தை, மனப்பாடம் செய்து அடுக்கும் குழந்தையைவிடப் பல படி மேலே நிற்கிறது.

தாளிப்பில் இன்னொரு பாடமும் உண்டு. சாம்பாருக்கும் தாளிக்கிறோம், சட்டினிக்கும் தாளிக்கிறோம், ரசத்துக்கும் தாளிக்கிறோம். ஒவ்வொரு முறையும் அத்தனை படிகளையும் திரும்ப எழுதுவதில்லை. 'தாளித்துக் கொட்டவும்' என்று ஒரே சொல்லில் முடித்து விடுகிறோம். ஒரு சிறு படிமுறைக்குப் பெயர் சூட்டி, வேண்டிய இடத்தில் அப்பெயரால் அழைப்பது நிரலாக்கத்தின் அடிப்படை உத்திகளுள் ஒன்று.

ஈடும் மாவும்

ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதை விளக்க இட்லியைப் போன்ற எடுத்துக்காட்டு வேறில்லை. ஒரு முறை வேகவைத்து எடுப்பதை நாம் 'ஓர் ஈடு' என்கிறோம். ஓர் ஈட்டுக்கு 16 இட்லி. வேக 12 நிமிடம் எனக் கொள்வோம். விருந்தினருக்கு 40 இட்லி வேண்டும். எத்தனை ஈடு? 40-ஐ 16-ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 8. அந்த 8 இட்லிக்காக மூன்றாவது ஈடு வைத்தே ஆக வேண்டும். ஆக 3 ஈடு, 36 நிமிடம். அரிசியும் உளுந்தும் ஆள் கணக்கில் பெருகும். ஓர் ஈடு வேகும் நேரம் பெருகாது. ஈடுகளின் எண்ணிக்கை மட்டும் பெருகும். எது மாறும், எது மாறாது என்று பிரித்தறிவது இங்கே கணக்கோடு சேர்ந்து வந்துவிடுகிறது.

மீள்செயல் இருவகைப்படும். 'மூன்று ஈடு வை' என்பது எண்ணிக்கையால் நிற்பது. 'மாவு பொங்கும்வரை வை' என்பது நிலையால் நிற்பது. நான்கு பங்கு அரிசியும் ஒரு பங்கு உளுந்தும் அரைத்துக் கரைத்து வைத்த மாவு, சித்திரையில் விரைவிற் பொங்கும்; மார்கழியில் நெடுநேரம் எடுக்கும். 'எட்டு மணி நேரம் வை' என்ற படி எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. 'பொங்கும்வரை வை' என்பதே சிறந்தது என்று தோன்றும்.

ஆனால் இங்கே ஒரு கண்ணி உண்டு. அரைத்த உடனே மாவைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு, 'பொங்கும்வரை காத்திரு' என்று இயந்திரத்துக்குச் சொன்னால் என்ன ஆகும்? "எப்பவும் காத்துக்கிட்டே இருக்கும்!" என்றான் மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன். முடிவுடைமை என்னும் பண்பை அவன் தன் சொந்தச் சொல்லில் கூறிவிட்டான். 'பன்னிரண்டு மணி நேரத்தில் பொங்காவிட்டால் அம்மாவைக் கூப்பிடு' என்ற படியையும் சேர்த்தோம். படிமுறை அப்போதுதான் நிறைவு பெற்றது.

சத்துணவுக் கூடம்

பள்ளிக்குள்ளேயே நாள்தோறும் நடைபெறும் பெரும் படிமுறை ஒன்று உண்டு. அது சத்துணவுக் கூடத்தில் நடப்பது. காலையில் வருகைப் பதிவேட்டிலிருந்து குழந்தைகளின் எண்ணிக்கை சமையல் கூடத்துக்குச் செல்கிறது. அந்த எண்ணே அன்றைய உள்ளீடு. தொடக்க வகுப்புக் குழந்தை ஒன்றுக்கு 100 கிராம் அரிசி என்பது அளவு. 64 பேர் வந்திருந்தால் 6 கிலோ 400 கிராம். மறுநாள் 58 பேர் என்றால் 5 கிலோ 800 கிராம். உள்ளீடு மாறுகிறது, படிமுறை மாறுவதில்லை. அதே வழி 10 பேருக்கும் பொருந்தும், 200 பேருக்கும் பொருந்தும்.

இதைச் சொன்னபோது குழந்தைகள், "எங்க பேரைக் கூப்பிடுறது அதுக்குத்தானா?" என்று வியந்தனர். தங்கள் 'உள்ளேன்' என்ற சொல் 100 கிராம் அரிசியாக மாறுவதை அவர்கள் கண்டுகொண்டனர்.

ஆசிரியர் கவனிக்க வேண்டியவை

சமையலை வகுப்புக்குள் கொண்டுவரும்போது சில இடர்ப்பாடுகளும் உடன் வருகின்றன.

முதலாவது, "இது பொம்பளப் புள்ளைங்க வேலை" என்ற குரல். எங்கள் வகுப்பிலும் அது எழுந்தது. அதற்கு உடனே மறுமொழி தராவிட்டால், நாம் கற்பிக்க வந்ததைவிடப் பழைய வழக்கமே வலுப்பெறும். உணவு விடுதியில் பரோட்டா போடுபவர் யார், கல்யாண வீட்டில் சமைக்கும் தவசிப்பிள்ளை யார் என்று திருப்பிக் கேட்டோம். மறுநாள் எலுமிச்சைச் சாறு பிழிந்து எல்லோருக்கும் கொடுக்கும் பொறுப்பைச் சிறுவர்களுக்கே அளித்தோம்.

இரண்டாவது, "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று பாடத்தைத் தொடங்கலாகாது. சாப்பிடாமல் வந்த குழந்தை அவ்வகுப்பில் இருக்கலாம். வீட்டுக்கு வீடு உணவு வேறுபடும். எந்த வீட்டு உணவும் ஏளனத்துக்கு ஆளாகக்கூடாது. எல்லோரும் ஒன்றாக, ஒரே இடத்தில் செய்யும் பண்டமே பொது எடுத்துக்காட்டுக்கு ஏற்றது.

மூன்றாவது, பிழையைத் தண்டிக்கக்கூடாது. சாறு தரையில் விழுந்தது குழந்தையின் குற்றமன்று. ஒரு படி விடுபட்டதன் அடையாளம். "யார் தப்பு?" என்று கேட்காமல் "எந்தப் படியில் தப்பு?" என்று கேட்கப் பழக வேண்டும். கணிப்பொறித் துறையில் பிழை திருத்தல் என்பது நாள்தோறும் நடக்கும் வேலை. பிழைக்கு அஞ்சி நடுங்கும் குழந்தை அவ்வேலையைக் கற்றுக்கொள்ளாது.

இம்முயற்சி நம்மால் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. நியூசிலாந்தில் டிம் பெல் முதலியோர் 1990-களிலேயே கணிப்பொறியின்றிக் கணிப்பொறி அறிவியலைக் கற்பிக்கும் விளையாட்டுகளை வகுத்தனர். இங்கிலாந்தில் 2014 முதல், ஐந்து வயதில் தொடங்கும் முதற்கட்டக் கல்வியிலேயே அல்காரிதம் பாடமாக உள்ளது. நமக்கு வேண்டியது, நம் அடுக்களையிலிருந்து தொடங்கும் துணிவு மட்டுமே.

படிமுறையின் எல்லை

முகாமின் ஐந்தாம் நாள் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தோம். "உங்கள் வீட்டில் ரசம் வைக்கும் முறையை அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டு எழுதி வாருங்கள்" என்றோம். மறுநாள் பலர் வெறுந்தாளோடு வந்தனர். "எவ்வளவு புளின்னு கேட்டா, அம்மாவுக்குச் சொல்லத் தெரியலைண்ணா" என்றனர்.

அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை; சொல்லில் தெரியவில்லை. அது கையிலும் கண்ணிலும் மூக்கிலும் இருக்கிறது. நுரை கட்டி வரும்போது இறக்க வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. இதனையே பக்குவம் என்கிறோம். இயந்திரத்துக்கு இதைச் சொல்ல வேண்டுமானால், பக்குவத்தின் ஒவ்வொரு கூறையும் அளவாகவும் நிலையாகவும் மாற்ற வேண்டும். சில கூறுகள் மாறும். சில கூறுகள் எளிதில் மாறா. ஆகவே, படிமுறையாக எழுத முடியாத அறிவு அறிவே அன்று என்று குழந்தைகள் எண்ணிவிட இடம் தரலாகாது. கையால் அறிந்ததைச் சொல்லால் அறியச் செய்வது எவ்வளவு கடினம் என்பதை உணர்த்துவதும் இப்பாடத்தின் ஒரு பகுதியே.

அந்தச் சிறுமி மட்டும் வெறுந்தாளோடு வரவில்லை. அவள் அம்மா "ஒரு கைப்பிடி பருப்பு" என்று சொல்லியிருக்கிறாள். இவள் அம்மாவின் கைப்பிடிப் பருப்பை வாங்கி, கரண்டியால் அளந்து பார்த்திருக்கிறாள். 'அம்மா கையால ஒரு கைப்பிடி = மூணு கரண்டி. என் கையால ஒன்னே முக்கால் கரண்டி' என்று எழுதியிருந்தாள். எழுத்துப் பிழைகள் இருந்தன. ஆனால், அளவின் தெளிவைப் பற்றி இதைவிடச் சிறந்த விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை.

முடிவுரை

படிமுறை என்பது கணிப்பொறியின் உடைமையன்று. ஒழுங்காகச் சிந்திக்கும் மனித உள்ளத்தின் உடைமை. கணிப்பொறி வந்த பின்னரே இதைக் கற்பிப்போம் என்று காத்திருப்பது, மாவைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் பொங்கும்வரை காத்திருப்பதற்கு ஒப்பாகும். கணிப்பொறி வரட்டும், வர வேண்டும். வரும்போது அதனிடம் தெளிவாகப் பேசத் தெரிந்த குழந்தைகள் நம் பள்ளிகளில் ஆயத்தமாக இருக்கட்டும்.

மாணவ நண்பர்கள் அடுத்த முகாமுக்குச் செல்லும்போது கரும்பலகைக்கு முன்பாக ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துச் செல்லுமாறு வேண்டுகிறேன். தூணருகே பேசாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் முதற் கேள்வியைக் கேளுங்கள்.